வாய் திறக்காதவன் தனக்கு ஐந்து போட்டான்

வெண்கட்டி:
தரம் 8. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைப் போகத்துக்கு, எவ்வளவு விதைப்பது என்று முடிவெடுக்கும் கூட்டத்தை நடிக்கவிட்டேன். ஒருவன் நீர்ப்பாசனப் பொறியியலாளர், ஒருத்தி கமக்காரர் அமைப்புத் தலைவி, மற்றவர்கள் கமக்காரர். எத்தனை ஏக்கர் விதைப்பது என்று ஒரே சண்டை. முடிந்ததும் சுயமதிப்பீட்டுத் தாள், ஐந்துக்கு எத்தனை என்று. கூட்டத்தையே தூக்கி நிறுத்திய தலைவி தனக்கு மூன்று போட்டிருந்தாள், அது வழக்கம்தான். பின்வாங்கில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் இருந்த பொடியன் ஐந்து போட்டிருந்தான். காரணம் எழுதும் இடத்தில் அழித்து அழித்துத் தாளே கிழிந்திருந்தது: "அப்பா கூட்டத்துக்குப் போனால் இப்படித்தான் இருப்பார். எங்கட காணி வாய்க்கால் கடைசியில்." நான் ஏற்கெனவே ஒன்று போட்டுவிட்டேன், சிவப்புப் பேனையால்.

கற்சிலைமடுக்காரன்:
ஒன்று சரிதான் ரீச்சர். காரணம் அழகாக எழுதினால் புள்ளியா? நாங்கள் ஆங்கிலேயரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியன் நாடகம் போட்டோம். அவன் தோற்ற நாள் எங்கள் ஊரில் கல்லிலேயே வெட்டிய திகதி அல்லவா, 1803 ஒக்ரோபர் 31. அவனைத் தோற்கடித்த ஆங்கிலேயப் படைக் கப்டன் ட்றிபேர்க்காக வர ஒருவரும் இல்லை, கடைசியில் ஒருவனைப் பிடித்துத் தள்ளினேன். பூவரசங்கம்பை வாளாகப் பிடித்துக்கொண்டு நன்றாகவே செய்தான். தாளில் பூச்சியம். ஏன் என்றால், "வன்னியனைத் தோற்கடிச்சிட்டன் சேர்" என்கிறான். இதையா புள்ளிப்பதிவில் ஏற்றுவது?

பாலையடி:
சேர், பிழை பிள்ளையில் இல்லை, கேள்வியில். எண் கேட்டால் பாத்திரத்துக்குப் போடுவான், இல்லை பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துப் போடுவான். எனக்கு ஒருமுறை முழு வகுப்பும் ஐந்து. அதற்குப் பிறகு, நடிக்க முன்பே எது பங்குபற்றுதல் என்று பிள்ளைகளிடமே கேட்டுக் கரும்பலகையில் எழுதுகிறேன்: மற்றவர் சொன்னதற்குப் பதில் வந்ததா, பேசாத நேரத்திலும் பாத்திரமாகவே இருந்தேனா. எண்ணை விட்டுவிட்டு, "நீ செய்த ஒன்றை எழுது" என்று கேளுங்கள். உங்கள் புள்ளியைத் தனியாகப் போட்டு வையுங்கள். இரண்டும் தூரமாக நிற்கிற பிள்ளையோடு மட்டும் இரண்டு நிமிடம் கதையுங்கள். தவணைப் புள்ளியில் சேர்க்கவே வேண்டாம். 1989 இல் ஃபால்சிக்கோவ், பவுட் என்ற கல்வி ஆய்வாளர்கள் மாணவர் சுயமதிப்பீடு பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மேல்நிலைப் பாடநெறி மாணவரின் கணிப்புத்தான் ஆசிரியரின் கணிப்போடு கூடுதலாக ஒத்துப்போனது. அதுவும் பல்கலைக்கழகப் பிள்ளைகள். தரம் 8 இல் எங்கே போவது?

கற்சிலைமடுக்காரன்:
என் வகுப்பில் எல்லாரும் தூரமாகத்தான் நிற்கிறார்கள். பாடவேளை 40 நிமிடம்.

வெண்கட்டி:
நான் ஆலோசனை கேட்கவில்லை, சரி, இருக்கட்டும். அந்த ஒன்றை வெட்டலாம் என்று மறுநாள் தாளைக் கேட்டேன். அப்பாவிடம் காட்டினானாம். அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாராம்.