கருங்கல் வீட்டுச் சுவரில் ஏறும் ஓதத்துக்கு என்ன வழி?

கேள்வி:
வணக்கம். பரங்கிமலை அருகே உள்ள எங்கள் பூர்வீக வீடு கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டது. ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரை ஓதம் ஏறுகிறது. பெயின்ட் கொப்புளித்து உரிகிறது. உரிந்த இடத்தை விரலால் தொட்டால் வெள்ளை உப்பு மாவாக உதிர்கிறது. சுவரின் கீழ்ப்பகுதியில் ஏற்கெனவே சிமென்ட் பூச்சு இருக்கிறது. அதைக் கொத்தி எடுத்துவிட்டு, நீர்புகா ரசாயனம் கலந்த சிமென்ட்டையே மறுபடியும் பூசலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். அம்மாவுக்கு ஆஸ்துமா இருப்பதால் இம்முறை சரியாகச் செய்ய விரும்புகிறேன். அவர் சொல்வதை ஏற்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். கருங்கல் நீரை அதிகம் உறிஞ்சாது. கற்களுக்கு இடையிலுள்ள சாந்துதான் தரையின் ஈரத்தை மேலே இழுக்கிறது. சுண்ணாம்புக் காரை பூசிய சுவரில் அந்த ஈரம் காற்றுப் பட்டு வெளியேறிவிடும். சிமென்ட் அந்த வழியை அடைப்பதால் ஈரம் இன்னும் உயரே ஏறுகிறது. அதனுடன் வரும் உப்பு பூச்சுக்கு அடியில் படிகமாகி, பூச்சையே பெயர்த்துத் தள்ளுகிறது. ரசாயனம் கலந்தால் அடைப்பு இன்னும் இறுகுமே தவிர, ஈரம் குறையாது.

ஓதத் தடத்துக்கு மேலே ஓரிரு அடி வரை சிமென்ட்டை எடுத்துவிட்டு, கோடை முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். பூக்கும் உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மீண்டும் உள்ளே போகும் என்பதால், காய்ந்த தூரிகையால் தட்டி எடுங்கள். அந்தத் தூசு அம்மாவின் அறைக்குப் போகாதபடி வாசலில் ஈரத்துணி கட்டுவது நல்லது. இரண்டடித் தடிமனுள்ள சுவர் முழுவதும் உலர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பிறகு சுண்ணாம்புக் காரை பூசி வெள்ளையடியுங்கள். எமல்ஷன் பெயின்ட், புட்டி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் ஈரம் வரும் வழியை முதலில் பார்க்க வேண்டும். சென்னையில் தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்ததால், படியேறிப் போன பல பழைய வீடுகள் இன்று தெருமட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. உங்கள் கூடத்துத் தரையைவிட வெளித்தரை உயரமாக இருந்தால், எந்தப் பூச்சும் நிலைக்காது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது பலர் சுவரை ஒட்டியே குழி எடுத்தார்கள், அதையும் பாருங்கள். ஓதம் சுவர் நெடுகச் சம உயரத்தில் இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் திட்டாக இருந்தால், குழாய்க் கசிவாகவும் இருக்கலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஓதம் சுவர் நெடுகவே இருக்கிறது. தெருப்பக்கத்துச் சிமென்ட் தளம் கூடத்துத் தரையைவிட ஒரு சாண் உயரம். சீக்கிரம் இறுகுவதற்காகக் காரையில் கொஞ்சம் சிமென்ட் சேர்க்கலாமா?

பதில் 2:
சேர்க்க வேண்டாம். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெதுவாகத்தான் இறுகும். அவசரப்படாமல் மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஒவ்வொன்றும் வெயிலில் வெடிக்காதபடி ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். அதற்கு முன் சுவரோரத் தளத்தை இரண்டடி அகலத்துக்கு உடைத்து, கூடத்துத் தரைக்குக் கீழே வரும்வரை மண்ணை எடுத்து ஜல்லி நிரப்புங்கள். நீர் சுவரை விட்டு விலகி ஓட வாட்டம் அவசியம். ஒரேயடியாக ஆழமாகத் தோண்டாமல், அடித்தளத்தைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.