‘ஜாயின்ட் இஷ்யூ’ – தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

அஞ்சல்தலைச் சொற்பட்டியலில் ‘ஜாயின்ட் இஷ்யூ’ இன்னும் நிரப்பப்படாமல் இருக்கிறது. இரண்டு நாட்டு அஞ்சல்துறைகள் முன்கூட்டியே பேசி முடிவுசெய்து, ஒரே பொருளில், ஒத்த வடிவமைப்பில், ஒரே நாளில் தத்தம் அஞ்சல்தலைகளை வெளியிடும் முறை இது. வளரும் நாடுகள் தங்களுக்குள்ளான உறவைக் கொண்டாட இதை நிறையவே கையாண்டிருக்கின்றன. 1995இல் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் காந்தியை வைத்து வெளியிட்டன. 2008இல் இந்தியாவும் சீனாவும் மகாபோதி கோயிலையும் லுவோயாங் வெள்ளைக்குதிரைக் கோயிலையும் எடுத்துக்கொண்டன. 2018இல் இந்தியா–வியட்நாம்: சாஞ்சி தூபியும் ஃபோ மின் பகோடாவும்.

செய்திகளில் இவை எல்லாம் ‘நினைவு அஞ்சல்தலை’ என்ற ஒரே கூடையில் விழுகின்றன. ‘நட்புறவு அஞ்சல்தலை’ என்று வைக்கலாமா? படித்ததும் புரியும், சொல்லவும் எளிது.

-----

> ‘நட்புறவு அஞ்சல்தலை’ என்று வைக்கலாமா?

வேண்டாம் என்பேன். அஞ்சல்தலையில் என்ன படம் இருக்கிறது என்பது ஒன்று. அது எப்படி வெளியானது என்பது வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவதற்கான பெயர்.

ஆசிய–ஆப்பிரிக்க நாடுகள் கூடிய 1955 பாண்டுங் மாநாட்டுக்கு இந்தோனேசியா தலைகள் வெளியிட்டது. வளரும் நாடுகளுக்கிடையிலான தொழில்நுட்ப ஒத்துழைப்பு என்ற பொருளில் 1978இல் ஐ.நா. அஞ்சல் நிர்வாகம் வெளியிட்டது. அந்த ஒத்துழைப்புக்கான பியூனஸ் அயர்ஸ் செயல்திட்டம் ஏற்கப்பட்ட ஆண்டு அது. புதுதில்லியில் அணிசேரா நாடுகளின் 7ஆவது உச்சி மாநாடு நடந்தபோது, 1983இல், இந்தியா வெளியிட்டது. மூன்றுமே நட்பையும் ஒத்துழைப்பையும் பேசுபவைதாம். ஆனால் ஒன்றுகூட ஜாயின்ட் இஷ்யூ அல்ல. ஒவ்வொன்றையும் ஒரே நிர்வாகம் தனியாக வெளியிட்டது. 1978 தலைகளை ஐ.நா. நியூயார்க்கில் டாலரிலும் ஜெனீவாவில் சுவிஸ் பிராங்கிலும் விலையிட்டு விற்றதைப் பார்த்து ஏமாறக்கூடாது. பணம் இரண்டு, நிர்வாகம் ஒன்று.

மறுபக்கம், 2009 இந்தியா–பிலிப்பைன்ஸ் வெளியீட்டைப் பாருங்கள். படத்தில் இருப்பவை கங்கை ஓங்கிலும் (டால்பின்) திமிங்கலச் சுறாவும். கொடி இல்லை, கைகுலுக்கல் இல்லை. ஆனால் அதுதான் அசல் ஜாயின்ட் இஷ்யூ.

‘கூட்டு வெளியீடு’ பலருக்கும் உடனே தோன்றும். எனக்கு அதிலும் தயக்கம் உண்டு. கூட்டுக் கணக்கு என்றால் ஒரே பணத்தை இருவரும் எடுக்கலாம். இங்கே அப்படி இல்லை. உலக அஞ்சல் ஒன்றிய விதிப்படி, வெளியிடும் நாட்டின் பெயர் ரோமன் எழுத்தில் தலையில் இருந்தாக வேண்டும் (பிரிட்டனுக்கு மட்டும் விலக்கு), முகமதிப்பும் (தலையில் அச்சிட்ட விலை) இருக்க வேண்டும். எந்த நாட்டுப் பெயர் இருக்கிறதோ அந்த நாட்டில் மட்டுமே தலை செல்லும். இந்தியா அச்சிட்ட ஃபோ மின் பகோடா தலையில் இருப்பது ‘இந்தியா’, விலை ரூபாயில். வியட்நாம் அச்சிட்ட சாஞ்சித் தலையில் இருப்பது ‘வியட்நாம்’, விலை டோங்கில். இந்தச் சாஞ்சித் தலையை ஒட்டி இந்தியாவில் கடிதம் போட்டால், கட்டணம் செலுத்தாத கடிதம் அது. புதிதாகச் சேகரிப்பவர்கள் படத்தைப் பார்த்து நாட்டைப் பிரித்து, ஆல்பத்தில் மாற்றி ஒட்டிவிடுவதும் இதனால்தான்.

அச்சும் தனித்தனியே. தாள், பசை, துளைவிளிம்பு, நிறம் எல்லாம் அந்தந்த அச்சகத்தைப் பொறுத்தவை. ‘ஒரே வடிவமைப்பு’ என்று அறிவித்தாலும் அருகருகே வைத்தால் வேறுபடும். பிழையும் ஒரு பக்கத்தோடு நின்றுவிடும். வளரும் நாடுகளின் எடுத்துக்காட்டு அல்லவென்றாலும், கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த 1959 செயின்ட் லாரன்ஸ் நீர்வழி வெளியீடு இதற்குத் தெளிவான சான்று. நடுப்படம் தலைகீழாக அச்சானது கனடாவின் 5 சென்ட் தலையில்தான். அமெரிக்காவின் 4 சென்ட் தலையில் அல்ல.

‘இணை வெளியீடு’? சேகரிப்பாளர் பேச்சில் ‘இணை’ என்றால் பிரிக்காமல் ஒட்டியிருக்கும் இரண்டு தலைகள். ‘இந்த இணை வெளியீட்டின் இணை ஒன்று வேண்டும்’ என்று எழுத நேரும். அந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது.

என் பரிந்துரை உடன்வெளியீடு. உடன்பிறந்தார் தனித்தனி ஆட்கள், பிறப்பால் சேர்ந்தவர்கள். உடன்படிக்கையின் சாயலும் சொல்லில் கிடைக்கிறது. அது இல்லாமல் இந்த வெளியீடே இல்லை.

-----

உடன்வெளியீடு பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: ‘உடன்’ என்பதை ‘உடனே’ என்று படிப்பவர் இருப்பார்கள். ‘உடன் வெளியீடு’ என்று யாராவது இடம்விட்டுத் தட்டச்சினால் அவசர வெளியீடு ஆகிவிடும்.

இரண்டாவது, பல நாடுகள் சேர்ந்தால் என்ன செய்வது? 2015 ஆகஸ்டு 8 அன்று, அப்போதைய ஆசியான் நாடுகள் பத்தும் ஒரே வடிவமைப்பில் தலை வெளியிட்டன. 1989 முதல் ஸ்பெயின், போர்ச்சுகல், லத்தீன் அமெரிக்க நாடுகள் ‘அமெரிக்கா’ என்ற வரிசையை வெளியிடுகின்றன. ஆண்டுக்கு ஒரு பொதுப் பொருள், படமும் நாளும் அவரவர் விருப்பம். இரண்டுக்கும் ஒரே சொல்லா?

நாள் தவறினால்? தலைவர்களின் பயணத்தையொட்டி வெளியீட்டு நாள் குறிக்கிறார்கள். பயணம் தள்ளிப்போனால் ஒரு நாடு அச்சிட்டு வைத்துக் காத்திருக்கும், மற்றது வெளியிட்டுவிடும்.

-----

இடம்விடாமல் எழுதுவதைப் பட்டியலிலேயே விதியாகக் குறித்துவிடலாம். உடன்பிறப்பை யாரும் ‘உடனே பிறப்பு’ என்று படிப்பதில்லை, பழக்கம்தான் வேண்டும்.

ஆசியான் வெளியீடு உடன்வெளியீடுதான். நாடுகளின் எண்ணிக்கை இலக்கணத்தில் வராது. அதனால்தான் ‘இரட்டை வெளியீடு’ என்று யாரும் சொல்லாதது நல்லதாயிற்று. ‘அமெரிக்கா’ வரிசை வேறு: பொருள் மட்டும் பொது. ஆங்கிலத்தில் ‘ஆம்னிபஸ்’ என்பார்கள். அதற்குப் பொதுப்பொருள் வரிசை போதும்.

நாள் தவறியதைத் தள்ளிவிடக்கூடாது. ஒப்பந்தமும் ஒத்த வடிவமைப்பும் இருந்தால் அது உடன்வெளியீடே; பதிவில் ‘நாள் வேறு’ என்று குறித்து இரண்டு தேதிகளையும் எழுத வேண்டும். மற்ற நாடு கடைசிவரை வெளியிடவே இல்லையென்றால்தான் வேறு பெயர். ‘ஒருதலை வெளியீடு’ என்று கை தானாகப் போகிறது, கைக்கிளையை ஒருதலைக் காமம் என்று படித்த பழக்கத்தில். ஆனால் அஞ்சல்தலைப் பட்டியலில் ‘ஒருதலை’ என்றால் ‘ஒரே ஒரு தலை’ என்றாகிவிடும். ஒருபக்க வெளியீடு குழப்பாது.

சாஞ்சியும் பகோடாவும் போல வெவ்வேறு படங்கள் ஒரே தாளில் ஒட்டி அச்சாவதை ‘செ-டெனன்ட்’ என்கிறோம். அதற்கு ஒட்டுவேறு என்று ஒரு யோசனை. எனக்கே முழு நிறைவில்லை. தனி இழையில் பேசுவோம்.

சரிபார்க்கும் முறையையும் பதிவோடு சேர்க்க வேண்டும். முதலில் வெளியீட்டோடு வரும் தகவல் மடிப்பில் மற்ற நாட்டின் அஞ்சல்துறை குறிப்பிடப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு இரு நாட்டு முதல்நாள் உறைகளின் (வெளியீட்டு நாளிலேயே தலை ஒட்டி முத்திரையிட்டவை) முத்திரைத் தேதியை ஒப்பிடுங்கள். கடைசியாக, இரண்டு தலைகளையும் நேரில் வைத்து நாட்டுப் பெயரையும் முகமதிப்பையும் படியுங்கள். படம் ஒத்திருப்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. ஒரே பொருளை இரு நாடுகள் பேசிக்கொள்ளாமலே தேர்ந்தெடுப்பதும் நடக்கும்.

பட்டியலுக்கான வரைவு:

உடன்வெளியீடு (பெ.) – இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அஞ்சல் நிர்வாகங்கள் முன்னொப்பந்தப்படி, ஒரே பொருளில், ஒத்த வடிவமைப்பில், தத்தம் பெயரும் முகமதிப்பும் பொறித்துத் தனித்தனியே வெளியிடும் அஞ்சல்தலைகள். பெரும்பாலும் ஒரே நாளில். ஒவ்வொரு தலையும் தன் நாட்டில் மட்டுமே செல்லும். சேர்த்து எழுதுக.