புதுப்பிப்பு: பனி அள்ளும் வேலைக்குப் போனேன்

கனடாவின் பிராம்ப்டனில் நான் புல் வெட்டும் வீடுகளில் பனியும் அள்ளலாமா, தடவைக்கு இவ்வளவு என்று வாங்குவதா, சீசனுக்கு மொத்தமாகவா என்று போன நவம்பரில் கேட்டிருந்தேன். மொத்தமாகவே பேசினேன், 14 வீடுகள் சேர்ந்தன.

5 சென்டிமீட்டர் விழுந்தால் வருவேன் என்று எழுதிக் கொடுத்தது தப்பில்லை. ஆனால் வீதிப் பனியை வழிக்கிற வண்டி டிரைவ்வே (வீட்டு முன் கார் விடும் பாதை) வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் கட்டிப்பனியைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். காலை ஐந்தரைக்கு முடித்த வீட்டிலிருந்து ஏழு மணிக்கு போன்: "தம்பி, கார் வெளியே வராது!" திரும்பப் போய் மண்வெட்டியால் கொத்தினேன். பனி தள்ளும் மெஷினே திணறுகிற கட்டி அது.

அப்புறம், பனிக்கட்டி உருகத் தூவுகிற உப்பு. மைனஸ் 15 டிகிரிக்குக் கீழே சாதாரண உப்பு உருக்காமல் சும்மா கிடக்கிறது. அந்தக் குளிரிலும் உருக்குகிற கால்சியம் குளோரைடு வாங்கினேன், விலைதான் கடிக்கிறது.

ஏப்ரலில் அதே 14 வீடுகளில் 11 பேர் புல்லுக்கும் முன்பணம் தந்துவிட்டார்கள்.