மறு: பைபார்டிசன்ஷிப் – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டுவிட்டதால் இதுவரை வந்த மடல்களை மறுபடி முதலிலிருந்து படித்தேன். 'கட்சி சார்பின்மை', 'இருதரப்பு ஒத்துழைப்பு', 'இருகட்சி ஒற்றுமை', 'கருத்தொருமிப்பு' என நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. எதிரெதிர்க் கட்சிகள் கட்சிப் போட்டியை விடாமலே ஒரு மசோதாவுக்கு மட்டும் சேர்ந்து வாக்களிப்பதைத்தான் 'பைபார்டிசன்ஷிப்' (bipartisanship) என்கிறார்கள். அதற்கு என் பரிந்துரை 'இருகட்சி இசைவு'. இந்தச் சொல் பிறந்து புழங்கும் அமெரிக்காவில் இந்தக் காரியம் எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் இரண்டையும் எளிதாகத் தள்ளிவிடலாம். 'கட்சி சார்பின்மை' வேறொரு கருத்துக்கு ஏற்கெனவே தேவைப்படுகிறது. நெப்ராஸ்கா மாநிலச் சட்டமன்றத் தேர்தலில் வாக்குச்சீட்டில் வேட்பாளரின் கட்சிப் பெயர் இருக்காது. அது கட்சி சார்பின்மை. நாம் பேசுகிற விஷயத்தில் வருபவர்கள் அத்தனை பேரும் அப்பட்டமான கட்சிக்காரர்கள். கட்சிக்காரர்களாக இருந்துகொண்டே ஒரு மசோதாவுக்கு மட்டும் சேர்ந்து வாக்களிக்கிறார்கள். 'இருதரப்பு' என்பது இரண்டு நாடுகளுக்கு இடையிலான பேச்சு, ஒப்பந்தம், வர்த்தகம் என்று நாளிதழ்களில் ஊறிப்போய்விட்டது. அதை இங்கே இழுத்துவந்தால் வாசகர் வெளியுறவுச் செய்தி என்றே நினைப்பார்.

'இருகட்சி ஒற்றுமை' என்று எழுதிய ஐயாவுக்குத்தான் நீண்ட பதில் சொல்ல வேண்டும். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964 குடிமை உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், ஜனநாயகக் கட்சிக்காரர். அப்போது நாடாளுமன்றத்தின் மேலவையான, 100 பேர் கொண்ட செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 67 பேர், குடியரசுக் கட்சிக்கு 33 பேர். விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்குப் போக, அன்றைய விதிப்படி மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 67 வாக்கு வேண்டும். கணக்கு சரியாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் தென்மாநில ஜனநாயகக் கட்சியினர் ஜார்ஜியாவின் ரிச்சர்ட் ரஸ்ஸல் தலைமையில் வாரக்கணக்காகப் பேசியே மசோதாவை இழுத்தடித்தார்கள். மேற்கு வர்ஜீனியாவின் ராபர்ட் பைர்ட் வாக்கெடுப்புக்கு முந்தைய இரவு முழுக்க, 14 மணி நேரத்துக்கு மேல், பேசிக்கொண்டே இருந்தார். ஆக, ஆளுங்கட்சி தன் சொந்தக் கட்சியையே தாண்டி எதிர்க்கட்சியிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டிய நிலை.

அங்கே எதிர்க்கட்சித் தலைவர் இல்லினாயின் எவரெட் டர்க்சன். மே மாதத்தில் அவருடைய அலுவலகத்தில் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஹூபர்ட் ஹம்ஃப்ரியும் அமெரிக்க நீதித்துறை அமைச்சக அதிகாரிகளும் உட்கார்ந்து மசோதாவை வரிவரியாகப் பேசினார்கள். பாகுபாட்டை விசாரிக்கும் அமைப்பு ஒரு மாநிலத்தில் ஏற்கெனவே இருந்தால், வேலைப் பாகுபாடு பற்றிய புகார் முதலில் அங்கே போகட்டும் என்றார் டர்க்சன். மத்திய அரசு வழக்குப் போடுவதென்றால் பாகுபாடு தொடர் வழக்கமாகவே இருக்கும் இடங்களில் போடட்டும் என்றார். ஒத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்பே கீழவையான பிரதிநிதிகள் சபையில் குடியரசுக் கட்சியின் ஓஹியோ உறுப்பினர் வில்லியம் மக்கல்லக் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: செனட்டில் மசோதாவை நீர்த்துப்போக விடக் கூடாது, குடியரசுக் கட்சிக்கும் பெயர் கிடைக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைச் சிலர் அற்பம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் பங்குக்குப் பெயர் கிடைக்கும் என்ற உறுதி இல்லாமல் எந்தக் கட்சியும் எதிராளியின் மசோதாவுக்குக் கை தூக்காது.

ஜூன் 10 அன்று விவாதத்தை முடிப்பதற்கான வாக்கெடுப்பு. கலிஃபோர்னியாவின் கிளேர் எங்கல் மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்தார். சக்கர நாற்காலியில் அவையின் உள்ளே கொண்டுவந்தார்கள். பெயரைக் கூப்பிட்டபோது பேச்சு வரவில்லை. விரலால் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் 'ஆம்' என்ற வாக்குக்கும் ஒரே ஒலி. அதை ஆதரவு வாக்காகவே பதிந்தார்கள். முடிவு 71-க்கு 29. ஜனநாயகக் கட்சியிலிருந்து 44, குடியரசுக் கட்சியிலிருந்து 27. இந்த 27 இல்லாமல் சட்டம் இல்லை.

இதை ஒற்றுமை என்று சொல்ல முடியுமா? மசோதாவை எதிர்த்த 6 குடியரசுக் கட்சி செனட்டர்களில் ஒருவர் பேரி கோல்ட்வாட்டர். அடுத்த மாதமே சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த கட்சி மாநாட்டில் அவரை ஜனாதிபதி வேட்பாளராக முன்மொழிந்தவர் யார் தெரியுமா? இதே டர்க்சன்! ஜூனில் ஜான்சன் அரசின் சட்டத்தைக் கரையேற்றியவர், ஜூலையில் ஜான்சனைத் தோற்கடிக்க நின்றவரை முன்மொழிகிறார். அங்கே யாரும் இதை முரண்பாடாகப் பார்க்க வேண்டியதில்லை. கட்சிப் போட்டி அப்படியே இருக்க, ஒரு காரியத்துக்கு மட்டும் சம்மதம் தருவது. இதற்கு 'இசைவு' கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒற்றுமை என்றால் போட்டியே அடங்கிவிட்டது என்று பொருள் வந்துவிடும்.

'ஒற்றுமை', 'நல்லிணக்கம்' போன்றவற்றை நான் தவிர்க்க இன்னொரு காரணம் உண்டு, எனக்கு இதுதான் முக்கியம். இவை பாராட்டுச் சொற்கள். கலைச்சொல் பாராட்டக் கூடாது. அதே 1964, அதே நாடாளுமன்றம். ஆகஸ்ட் 7 அன்று, வியட்நாமில் படைபலத்தைப் பயன்படுத்த ஜனாதிபதிக்கு அதிகாரம் தந்த டோங்கின் வளைகுடாத் தீர்மானம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 416-க்கு 0, செனட்டில் 88-க்கு 2. எதிர்த்த இருவர் ஆரிகனின் வேய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங், இருவரும் ஆளுங்கட்சிக்காரர்கள். ஆகஸ்ட் 4 அன்று நடந்ததாகச் சொல்லப்பட்ட கப்பல் தாக்குதல் நடக்கவே இல்லை என்று பிற்பாடு தெரியவந்தது. ஆனால் அந்தத் தீர்மானத்தைப் பிடித்துக்கொண்டுதான் வியட்நாம் போர் பெருகியது. 2002-இல் இராக் போருக்கு அதிகாரம் தந்தபோதும் செனட்டில் 77-க்கு 23. இரண்டு கட்சியினரும்தான் வாக்களித்தார்கள். நம் சொல் 1964 ஜூனுக்கும் பொருந்த வேண்டும், ஆகஸ்ட்டுக்கும் பொருந்த வேண்டும். 'இருகட்சி ஒற்றுமையுடன் போர்த் தீர்மானம் நிறைவேறியது' என்று எழுதிப் பாருங்கள், அந்த வாக்கியமே தீர்மானத்துக்கு வக்காலத்து வாங்கும்.

'கருத்தொருமிப்பு' நல்ல சொல். ஆனால் இங்கே கருத்து ஒன்றாவதில்லை. 1983-இல் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதிய நிதி வற்றப்போகிற கட்டத்தில் குடியரசுக் கட்சி ஜனாதிபதி ரீகனும் ஜனநாயகக் கட்சி சபாநாயகர் டிப் ஓநீலும் ஒரு சட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஓய்வூதிய வயது 65-இலிருந்து 67-க்குப் படிப்படியாக ஏறியது. வரி உயர்வை முன்கூட்டியே கொண்டுவந்தார்கள். ஆளுக்கொன்றாகத் தமக்குப் பிடிக்காததை விழுங்கினார்கள், அவ்வளவுதான்.

இது இனி சாத்தியமா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். கடினம், ஆனால் நடக்கிறது. 1964-இல் இரண்டு கட்சிகளிலும் தாராளவாதிகளும் பழமைவாதிகளும் கலந்திருந்தார்கள். இன்று அவர்கள் கட்சிவாரியாகப் பிரிந்துவிட்டார்கள். 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்குக் குடியரசுக் கட்சி வாக்கு ஒன்றுகூட விழவில்லை. 2017 வரிச் சட்டத்துக்கு ஜனநாயகக் கட்சி வாக்கு ஒன்றுகூட விழவில்லை. ஆனாலும் 2021 உள்கட்டமைப்புச் சட்டம் செனட்டில் 69-க்கு 30 என்று தேறியது, 19 குடியரசுக் கட்சியினருடன். ஏன்? விவாதத்தை முடிக்க 60 வாக்கு வேண்டும் என்ற விதி எதிராளியிடம் போக வைத்தது. சாலையும் பாலமும் எல்லார் தொகுதிக்கும் வேண்டியிருந்தன. தலைவர்களின் நல்ல மனதை நம்பிக் காத்திருப்பதைவிட, எதிர்க்கட்சியின் வாக்கு இல்லாமல் முடியாது என்ற விதியும், சட்டத்தில் அவர்கள் கையெழுத்துத் தெரிய இடமும் இருந்தால் இசைவு வரும் என்பது என் கணிப்பு.

ஈழத்து நண்பருக்கு ஒரு வார்த்தை. உங்கள் அனுபவம் இந்தச் சொல்லுக்கு நல்ல உரைகல். 1957-இல் இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்காவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் வந்ததும், எதிர்க்கட்சியில் இருந்த ஜே.ஆர். ஜெயவர்தனா அதை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் கிளம்பினார். மறு ஆண்டு ஒப்பந்தம் கிழிந்தது. 1997-இல் பிரிட்டிஷ் அமைச்சர் லியாம் ஃபாக்ஸ் நடுவில் இருந்து, இனப்பிரச்சினைத் தீர்வில் ஒருவர் முயற்சியை மற்றவர் கெடுப்பதில்லை என்று ஜனாதிபதி சந்திரிகாவும் எதிர்க்கட்சித் தலைவர் ரணிலும் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். 2000 ஆகஸ்ட்டில் சந்திரிகா அரசியலமைப்பு வரைவைக் கொண்டுவந்தபோது ரணிலின் ஐக்கிய தேசியக் கட்சி உறுப்பினர்கள் அதை அவையிலேயே கொளுத்தினார்கள். '1997-இல் எழுத்தில் இருந்த இருகட்சி இசைவு 2000-இல் இல்லாமல் போனது' என்று எழுதினால் சரியாக நிற்கிறது. அங்கே இன்னொன்றும் தெரிகிறது: இரண்டு பெரிய கட்சிகள் இசைந்தாலும், பாதிக்கப்பட்ட தமிழ் மக்களின் கட்சி அந்த இரண்டில் இல்லை. 'இரு' என்ற முன்னொட்டு அந்த உண்மையை மறைக்காமல் சொல்வது நல்லதே.

இந்தியாவுக்கு 'இரு' பொருந்தாது. 2016-இல் சரக்கு மற்றும் சேவை வரித் திருத்தம் மாநிலங்களவையில் 203-க்கு 0 என்று நிறைவேறியது, அதிமுக வெளிநடப்புச் செய்தபின். பல கட்சிகள் சேர்ந்தது. இதற்குக் 'கட்சி கடந்த இசைவு' என்று வைத்துக்கொள்ளலாம்.

'இசைவு' அனுமதி என்ற பொருளில் அலுவலகங்களில் வருகிறதே என்ற மறுப்பைப் பார்த்தேன். பெற்றோர் இசைவுக் கடிதம் என்கிறோமே, அதே சம்மதம்தான் இங்கும் வருகிறது; முட்டவில்லை.

புழக்க வடிவங்கள்: இருகட்சி இசைவுச் சட்டம், இருகட்சி இசைவோடு நிறைவேறியது, இருகட்சிக் குழு (இங்கே இசைவு வேண்டாம், இரண்டு கட்சியினரும் இருந்தால் போதும்). கட்சிப் பற்று மிகுந்த நிலைக்குக் 'கட்சிக்கட்டு' என்று ஒரு சொல் தோன்றுகிறது, ஆனால் எனக்கே முழுத் திருப்தி இல்லை. அதற்குத் தனி இழை தொடங்கலாம். 'இருகட்சி இசைவு' மீது மறுப்பு இருந்தால் வாக்கியத்தில் வைத்துக் காட்டி எழுதுங்கள். இல்லையென்றால் அகராதிப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.