பிபிபிக்கும் ட்ரிக்நெட்டுக்கும் முக்கால் மீட்டர் வித்தியாசம்: எதை வைத்து கன்ட்ரோல் போடுவது?

வெருலம்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, வெருலத்துக்கும் டோங்காட்டுக்கும் நடுவில் ஒரு கரும்பு நிலத்தை மனை பிரிக்கிறார்கள். அதற்கு நாலு கன்ட்ரோல் புள்ளி (மற்ற அளவுக்கெல்லாம் ஆதாரமான புள்ளி) போடும் வேலை எங்களுக்கு வந்திருக்கிறது. கையில் இரண்டு டூயல் ஃப்ரீக்வென்சி ஜிபிஎஸ் ரிசீவர். ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டரை மணி நேரம் ஸ்டாடிக் (அசையாமல் வைத்து) ஓடவிட்டோம். 15 நொடிக்கு ஒரு எபாக் (பதிவு), மாஸ்க் 10 டிகிரி, அதாவது அதற்குக் கீழே தாழ்ந்த சாட்டிலைட்டைச் சேர்க்கவில்லை.

ரைனெக்ஸ் ஃபைலை (ரிசீவர் டேட்டாவின் பொது வடிவம்) கனடாக்காரர்களின் இலவச பிபிபிக்கு, அதாவது ஒரே ரிசீவர் டேட்டாவை வைத்து இடத்தைக் கணக்கிடும் இணையச் சேவைக்கு, அனுப்பினேன். அதே டேட்டாவை டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் ட்ரிக்நெட் நிலையங்களோடு (நம் நாட்டின் நிரந்தர ஜிபிஎஸ் நிலைய வலை) சேர்த்து பேஸ்லைனாகவும், அதாவது நிலையத்திலிருந்து புள்ளிக்கு உள்ள கோடாகவும், ப்ராசஸ் செய்தேன். எல்ஓ 31-இல் (31 டிகிரி தீர்க்கரேகையை மையமாகக் கொண்ட நம் வரைபட ஆயத்தொலை முறை) பார்த்தால், பிபிபி தந்த ஒய், எக்ஸ் இரண்டுமே ட்ரிக்நெட் முடிவைவிட அரை மீட்டருக்குச் சற்று மேல் குறைவு. நாலு புள்ளியிலும் அதே அளவு. "பிபிபி ரிப்போர்ட்டில் பிழை ஒரு சென்டிமீட்டர்தான் காட்டுகிறது, அதையே கொடுத்துவிடு" என்கிறார்கள் ஆபீசில். எனக்கு மனசு ஒப்பவில்லை. எது சரி?

பீக்கன்பிரியன் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்):
தம்பி, இரண்டு கணக்கும் சரிதான். ஆனால் உங்கள் வேலைக்கு வேண்டியது ட்ரிக்நெட் முடிவு.

பிபிபி கொடுப்பது நீங்கள் அளந்த நாளின் ஐடிஆர்எஃப் (உலகப் பொது ஆதார முறை) ஆயத்தொலை. நம் நாட்டில் 1999 ஜனவரி 1 முதல் அதிகாரபூர்வ டேட்டம் (ஆயத்தொலைகளின் அடிப்படை) ஹார்டபீஸ்ட்ஹுக்94, சுருக்கமாக ஹார்ட்94. அது 1994-இன் தொடக்கத்திலேயே நிறுத்திவைக்கப்பட்ட கணக்கு. அதற்குப் பிறகும் ஆப்பிரிக்கத் தட்டு நகர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நம் பக்கம் வருஷத்துக்கு வடக்கே சுமார் 18 மில்லிமீட்டர், கிழக்கே ஏறக்குறைய அதே அளவு. முப்பது வருஷத்துக்குப் பெருக்கிப் பாருங்கள், இரண்டு திசையிலும் அரை மீட்டரைத் தாண்டும்; வடகிழக்காகச் சேர்த்தால் முக்கால் மீட்டர். நம் எல்ஓ முறையில் ஒய் மேற்கே கூடும், எக்ஸ் தெற்கே கூடும். வடகிழக்காக நகர்ந்தால் இரண்டும் குறையத்தானே வேண்டும்? உங்கள் எண்கள் அதைத்தான் சொல்கின்றன. நாலு புள்ளியிலும் வித்தியாசம் ஒரே மாதிரி வந்திருப்பது உங்கள் களவேலை சுத்தமாக இருப்பதற்கு அடையாளம்.

பிபிபி எண்ணை அப்படியே கொடுத்தால், பக்கத்து நிலத்தின் பதிவான பீக்கன்களோடு (எல்லைக் குறிகளோடு) இந்த மனைகள் முக்கால் மீட்டர் மோதும். ஆயுசு முழுக்கச் சேர்த்த காசில் அந்த மனையை வாங்குகிறவருக்கு ஹார்ட்94, ஐடிஆர்எஃப் எல்லாம் எங்கே தெரியும்? மதில் கட்டும்போதுதான் தகராறு வெடிக்கும். ஆபீசில் யார் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ட்ரிக்நெட்டில் கட்டும்போது அவர்கள் வெளியிட்ட ஹார்ட்94 ஆயத்தொலையைக் கையால் போடுங்கள். ரைனெக்ஸ் ஹெடரில் இருப்பது தோராய இடம். பல மென்பொருள்கள் அதையே எடுத்துக்கொள்ளும். நிலையத்தின் ஆண்டெனா மாடல், மேல்மூடி வகை இரண்டும் பொருந்துகிறதா என்றும் பாருங்கள்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை வேறொன்று. நாலு புள்ளிகளையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கட்டினீர்களா? ஒவ்வொன்றும் 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நிலையத்திலிருந்து தனித்தனியே ஒரு சென்டிமீட்டர் துல்லியத்தில் வந்தால் மட்டும் போதாது. நாளைக்கு டோட்டல் ஸ்டேஷனை (கோணமும் தூரமும் அளக்கும் கருவியை) வைத்து ஒரு புள்ளியிலிருந்து இன்னொன்றைத்தான் பார்ப்பீர்கள். 300 மீட்டர் கோட்டில் குறுக்கே 2 சென்டிமீட்டர் போனால் திசையில் 14 கோண நொடி போய்விடும். அதனால் இரண்டு ரிசீவரையும் ஒரே நேரத்தில் அடுத்தடுத்த புள்ளிகளில் வைத்து, சுற்றிவந்து முதல் புள்ளியில் மூடுங்கள். ஒவ்வொரு முறையும் முக்காலியைக் கலைத்து, உயரத்தை மாற்றி, புதிதாக மையப்படுத்துங்கள்.

மென்பொருள் காட்டும் எல்லாக் கோடுகளையும் அட்ஜஸ்ட்மென்டில் (பிழையைப் பகிர்ந்து சரிக்கட்டும் கணக்கில்) சேர்க்காதீர்கள். உங்கள் ரிசீவர் இரண்டு, ட்ரிக்நெட் இரண்டு, ஆக நாலு. ஒரு செஷனில் உண்மையான கோடு மூன்றுதான்; ஆறையும் போட்டால் ரிப்போர்ட் அழகாக வரும், நம்பகம் கூடாது. முதலில் ஒரே நிலையத்தின் ஆயத்தொலையை மட்டும் மாறாமல் பிடித்து ஓட்டி, இரண்டாவது நிலையம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். திருப்தியானால் இரண்டையும் பிடியுங்கள். கடைசியாக, அருகில் இருக்கும் ட்ரிக் பீக்கனிலோ டவுன் சர்வே மார்க்கிலோ (அரசின் பழைய அளவைக் குறிகள்) ஒருமுறை அளந்தே ஆக வேண்டும். அந்தப் பழைய வலை முக்கோண அளவையில் வந்தது. ட்ரிக்நெட்டோடு சில சென்டிமீட்டர் விலகலாம். மனைகள் எதனோடு ஒத்துப்போக வேண்டும் என்பதை அங்கே பார்த்து முடிவெடுங்கள்.

தோட்டத்துச்_சங்கிலி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் டோங்காட் பக்கம் கரும்புக் காட்டிலேயே வேலை பார்ப்பவன். அங்கே மண் சிவப்பு மணல், பேரியா மணல் என்போம். முக்காலியை வைத்தபோது குமிழி நடுவில் நிற்கும். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் ஒரு கால் இறங்கி, குமிழி வட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூன்று காலுக்கும் மரமுளை அடித்து அதன்மேல் வையுங்கள். ஆண்டெனா உயரத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று பக்கம் அளந்து எழுதுங்கள். சாய்வாக அளந்ததா, செங்குத்தா, எந்தக் குறி வரை என்பதையும் அதே தாளில் போடுங்கள். உயரம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

வெட்டாத கரும்பு மூன்று மீட்டருக்கு மேல் நிற்கும். தாழ்வான சாட்டிலைட் சிக்னல் அதில் விட்டுவிட்டு வரும். அறுவடையான துண்டு இருந்தால் புள்ளியை அங்கே தள்ளுங்கள். இல்லையென்றால் அந்தப் புள்ளிக்கு மட்டும் மாஸ்க்கை 15 டிகிரியாக்கி, நேரத்தைக் கூட்டுங்கள்.

வெருலம்வாசி:
இருவருக்கும் ரொம்ப நன்றி. தட்டு நகர்வுக் கணக்கைக் காட்டியதும் ஆபீசில் ஒத்துக்கொண்டார்கள். புள்ளிகளுக்கு இடையே நேரடிக் கோடு இரண்டு பக்கம்தான் இருக்கிறது. மற்ற இரண்டையும் எடுத்து வளையத்தை மூடப்போகிறோம். அண்ணே, ஃபைனல் ஆர்பிட் (சாட்டிலைட் பாதையின் இறுதிக் கணக்கு) வர இரண்டு வாரம் ஆகுமே, அதுவரை காத்திருக்கணுமா?

பீக்கன்பிரியன்:
வேண்டாம் தம்பி. ஆர்பிட்டில் ஒரு மீட்டர் பிழை இருந்தாலும் 70 கிலோமீட்டர் பேஸ்லைனில் 3, 4 மில்லிமீட்டர்தான் வரும். மறுநாளே கிடைக்கும் ரேப்பிட் ஆர்பிட்டே தாராளம். மட்டத்துக்கு மட்டும் எஸ்ஏஜியாய்ட்2010 (ஜிபிஎஸ் உயரத்தைக் கடல்மட்ட உயரமாக மாற்றும் நம் நாட்டு மாதிரி) போட மறக்காதீர்கள். ஜிபிஎஸ் கொடுக்கும் எலிப்சாய்டு உயரத்தை (கணித வடிவத்திலிருந்து அளந்தது) வைத்து வடிகால் வேலை செய்ய முடியாது. பக்கத்தில் பெஞ்ச்மார்க் (உயரம் தெரிந்த குறி) இருந்தால் அதிலும் ரிசீவரை வைத்து ஒத்துப்பாருங்கள்.