வயசானவங்களுக்கு மருந்து எழுதும்போது வர்ற டிரக் அலர்ட், இது உருப்படியா வேலை செய்யுதா?

நெல்லை_பார்மசி:
வணக்கம். நான் ஒரு சின்ன பிரைவேட் ஆஸ்பத்திரில பார்மசிஸ்ட். பில்லிங் சாஃப்ட்வேரோட டிரக் அலர்ட்டும் சேர்த்து வாங்கியிருக்காங்க, டாக்டர் மருந்து பேரை டைப் பண்ணினாலே இது அதோட சேராது, இவருக்கு வயசு 65 தாண்டிருச்சுன்னு செவப்புக் கட்டம் வந்து நிக்கும். இப்ப என்னன்னா பாதி சீட்டுக்கு கட்டம் வருது, டாக்டருங்க படிக்கிறதே இல்ல, ஓகே ஓகேன்னு தட்டிட்டு அடுத்த பேஷண்டைக் கூப்பிடுறாங்க, காரணம் எழுதுற எடத்துல ஒரு புள்ளி வெச்சுடறாங்க. ஆனா போன வாரம் ஒரு பாட்டி வந்தாங்க, பிபிக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த ஒரே மாத்திரை, முட்டி வலிக்கு ஆர்த்தோ எழுதுன அசிக்ளோஃபினாக், ரெண்டும் எங்க டாக்டருங்க எழுதுனதுதான், அதுக்கு சாஃப்ட்வேர் வாயே தொறக்கல. நான்தான் போன் போட்டு நிறுத்த வெச்சேன். மேனேஜ்மென்ட் எங்கிட்ட எதை வெக்கணும் எதை தூக்கணும்னு லிஸ்ட் கேக்குது. அனுபவம் இருக்கிறவங்க சொல்லுங்க, இல்ல இது சும்மா ஷோவுக்கா?

வார்டு_ரவுண்ட்ஸ்:
முதல்ல அந்த பாட்டி விஷயம், நல்ல வேலை பண்ணீங்க. ஸ்ட்ரிப் ரெண்டுதான், உள்ள இருக்கிறது மூணு மருந்து. டெல்மிசார்டன் கிட்னிக்குள்ள பிரஷரைக் கொறைக்குது, தயசைடு ஒடம்புல தண்ணியக் கொறைக்குது, வலி மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தத்தையே சுருக்குது. வாலிப வயசுல தாங்கிடும், 80 வயசுல ரெண்டு நாள் வயித்துப்போக்கு வந்தா போதும், கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்துல சடசடன்னு ஏறிடும்.

இப்ப உங்க கேள்வி. அயர்லாந்துல கார்க் நகரத்து முதியோர் டாக்டருங்க 2008ல ஸ்டாப், ஸ்டார்ட்னு ரெண்டு லிஸ்ட் போட்டாங்க, ஒண்ணு வயசானவங்களுக்கு நிறுத்த வேண்டியது, இன்னொண்ணு குடுக்க வேண்டியதை விட்டுட்டது. அதை வெச்சு அங்கயே 732 பேர்கிட்ட ஒரு ஆய்வு, 2016ல வந்துச்சு. அட்மிஷன் ஆனதும் ஒரு டாக்டர் மருந்தெல்லாம் பாத்து வார்டு டீம்கிட்ட நேர்ல சொல்லி, எழுதியும் குடுத்தாரு, அவ்ளோதான். மருந்தால பாதிப்பு வந்தவங்க சொல்லாத பக்கம் 21 சதவீதம், சொன்ன பக்கம் 11.7. சரி இதையே சாஃப்ட்வேரா ஆக்கிடலாம்னு செனட்டர்னு ஒரு ஆய்வு, ஐரோப்பால 6 ஆஸ்பத்திரி, 1537 பேர், 2020ல ரிசல்ட் வந்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட 25 சதவீதம். கம்ப்யூட்டர் சொன்னதுல சுமார் 15 சதவீதம்தான் டாக்டருங்க கேட்டாங்க. லிஸ்ட் அதேதான், சொன்ன வாய்தான் வேற. என் அபிப்பிராயம், உங்க போன் காலுக்கு இருக்கிற மரியாதை அந்த கட்டத்துக்கு எந்தக் காலத்துலயும் வராது.

ஆனா ஆள் வெச்சா மட்டும் எல்லாம் சரியாகிடும்னும் சொல்லிட முடியாது. 2021ல வந்த ஓபெராம் ஆய்வுல சாஃப்ட்வேரோட டாக்டரும் பார்மசிஸ்ட்டும் கூட உக்காந்து பாத்தாங்க, 70 வயசுக்கு மேல 2008 பேர், தேவையில்லாத மருந்து கொறஞ்சது, மருந்தால ஆஸ்பத்திரிக்கு வர்றது மட்டும் இப்படிப் பாத்த பக்கம் 21.9 சதவீதம், பாக்காத பக்கம் 22.4, அதாவது மாறவே இல்ல.

கோட்_கிறுக்கன்:
நான் இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதுற ஆளு, அதனால உள்விஷயம் சொல்றேன். உங்க பாட்டிக்கு அலர்ட் வராததுக்கு காரணம் அனேகமா ரெண்டுல ஒண்ணு. பிராண்ட் பேரைப் பிரிச்சு உள்ள என்னென்ன மருந்து இருக்குன்னு மேப் பண்ணல, இல்லாட்டி ஆர்த்தோ ஓபியும் பிபி ஓபியும் தனித்தனி விசிட்டா கெடக்கு, முன்னாடி எழுதுன மாத்திரை இந்தச் சீட்டுக்கு தெரியவே தெரியாது. நம்ம ஊர்ல ஒரே மருந்துக்கு அம்பது பிராண்டு, அதுல பாதி காம்பினேஷன், வெளிநாட்டு ரூல் செட்டை அப்படியே ஒட்டுனா இப்படித்தான் ஆகும்.

இன்னொண்ணு, எடையைப் போட்டாங்களான்னு பாருங்க. 82 வயசு அம்மா, 42 கிலோ, கிரியேட்டினின் 1.0ன்னு வெச்சுக்கோங்க. லேப் ரிப்போர்ட்ல நார்மல்னு இருக்கும். வயசு, எடை, கிரியேட்டினின் வெச்சு கிட்னி எவ்ளோ வடிகட்டுதுன்னு பாக்குற காக்ராஃப்ட் கால்ட் கணக்கு போட்டா நிமிஷத்துக்கு 29 மில்லிதான் வருது. சதை கம்மியா இருக்கறதால கிரியேட்டினின் கம்மியா தெரியுது, கிட்னி நல்லா இருக்கறதால இல்ல. அந்த நெலமைல நரம்பு வலி மாத்திரை ப்ரீகாபாலின் ஒரு நாளைக்கு 150 மில்லிகிராம் தாண்டக்கூடாது, ஆனா கால் எரிச்சல்னு வந்தா 150 காலைல 150 ராத்திரின்னு எழுதுறாங்க, அந்தம்மா தள்ளாடி விழுந்தா வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டுப் போறோம். கம்ப்யூட்டர் மனுஷனை விட ஒழுங்கா செய்யுற வேலைன்னா இந்தக் கணக்குதான், ஆனா எடை கட்டம் காலியா கெடந்தா அதுவும் கோவிந்தா.

அப்புறம் கடுப்புல எல்லாத்தையும் லாக் பண்ணச் சொல்லிடாதீங்க. அமெரிக்கால ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கிற வார்ஃபரினும், ஆன்டிபயாட்டிக் கோட்ரைமாக்சசோலும் சேர்ந்தா ரத்தக்கசிவு வரும்னு, ரெண்டையும் சேர்த்து எழுதவே முடியாத மாதிரி தடுத்து ஒரு ஆய்வு பண்ணாங்க, 2010ல வந்துச்சு. தடுப்பு நல்லாவே வேலை செஞ்சுச்சு, ஆனா 4 பேருக்கு அவசியமான மருந்து லேட்டாயிடுச்சுன்னு பாதிலயே நிறுத்திட்டாங்க.

மதுரை_மருமக:
நான் டாக்டர் இல்ல, வீட்ல பாத்துக்கிறவ. எங்க அத்தைக்கு 76, வாயுத் தொல்லைக்கு ஒரு மாத்திரை, ரேபிப்ரசோலும் லெவோசல்பிரைடும் சேர்ந்தது, மெடிக்கல் ஷாப்ல பழைய சீட்டைக் காட்டி மாசாமாசம் வாங்குவாங்க. கை நடுங்க ஆரம்பிச்சுது, நடை சுருங்கிப் போச்சு, இன்னொரு டாக்டர் நடுக்கத்துக்குன்னு ட்ரைஹெக்சிஃபெனிடில் எழுதுனாரு, அதுக்கப்புறம் மலச்சிக்கல், ராத்திரில யாரோ வந்திருக்காங்கன்னு பேச்சு. நரம்பு டாக்டர்தான் எல்லா அட்டையையும் மேஜைல கொட்டச் சொல்லிட்டு அந்த வாயு மாத்திரையை நிறுத்துனாரு, கொஞ்ச மாசத்துல நடுக்கம் நல்லாவே கொறஞ்சுது. இதை உங்க கம்ப்யூட்டர் பிடிக்குமா அண்ணே?

வார்டு_ரவுண்ட்ஸ்:
மேடம், சரியான எடத்துல கேட்டீங்க. பிடிக்காது, அதிலயும் வயசானவங்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துன்னு அமெரிக்கால போட்ட பீர்ஸ் லிஸ்ட்டை மட்டும் நம்புற சாஃப்ட்வேர்னா சத்தியமா பிடிக்காது, ஏன்னா லெவோசல்பிரைடு அங்க விக்கிறதே இல்ல. தலைசுத்தலுக்கு நாம அள்ளிக் குடுக்கிற சின்னரிசினும் அப்படித்தான், அதுலயும் நடுக்கம் வரும். ஒரு மருந்தோட பக்கவிளைவை புது வியாதின்னு நெனச்சு இன்னொரு மருந்து ஏத்துறது நெறைய நடக்குது. அத்தை ட்ரைஹெக்சிஃபெனிடில் இன்னும் சாப்பிடுறாங்களா? சாப்பிட்டா அதையும் அந்த டாக்டர்கிட்ட கேளுங்க, நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க.

நெல்லை_பார்மசி:
ரொம்ப நன்றி எல்லாருக்கும். இப்ப நான் நெனைக்கிறது, வயசை மட்டும் பாத்து வர்ற அலர்ட் எல்லாம் ஆஃப். வலி மாத்திரையோட பிபி, தண்ணி மாத்திரை சேர்றது, கிட்னி டோஸ், சுகர் மாத்திரை கிளிபென்கிளமைடு, தூக்க மாத்திரை, அப்புறம் நம்ம ஊர் லெவோசல்பிரைடு, சின்னரிசின், இதுக்கு மட்டும் வெக்கலாம், அதுவும் டாக்டர் ஸ்கிரீன்ல இல்ல, என் கவுண்டர்ல வரட்டும், நான் போன் பண்றேன். சரிதானா?

கோட்_கிறுக்கன்:
சூப்பர் அண்ணே. இங்கிலாந்துல பின்சர்னு 72 கிளினிக்ல இப்படித்தான் பண்ணாங்க, கம்ப்யூட்டர் ஆபத்தான சீட்டைப் பொறுக்கிக் குடுக்கும், பார்மசிஸ்ட் போய் பேசி சரி பண்ணுவாரு, வெறும் ரிப்போர்ட் குடுத்த கிளினிக்கை விட தப்பு நல்லா கொறஞ்சது, 2012ல வந்துச்சு. ஆனா ஓபி நர்ஸ்கிட்ட எடையை கட்டாயம் போடச் சொல்லுங்க, வெளிய வாங்குற மாத்திரைய என்ட்ரி பண்ண ஒரு கட்டம் வேணும்னு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு மெயில் போடுங்க, காசு கேப்பாங்க, பேரம் பேசுங்க.