திரை அணைந்திருக்கும்போதே சார்ஜ் இறங்கும் புது போன்: உதவி தேவை

வணக்கம். 5000 எம்ஏஎச் பேட்டரி, ஆண்ட்ராய்டு 14, இரண்டு சிம். ராத்திரி 11 மணிக்கு 100% இருந்தால் காலை 6 மணிக்கு 78%. சும்மா கிடக்கும் போனுக்கு மணிக்கு 3% என்பது ரொம்பவே அதிகம், 1% போனாலே ஜாஸ்தி.

புது போனில் முதல் சில நாள் போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் எல்லாம் பின்னணியில் ஓடும். அதெல்லாம் முடிந்தாயிற்று. பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலில் முதலில் நிற்பது எந்த ஆப்பும் இல்லை, மொபைல் நெட்வொர்க்தான். ஏரோப்ளேன் மோடில் வைத்த ராத்திரி 2% மட்டுமே இறங்கியது. ஆகவே பேட்டரியில் கோளாறு இல்லை. இரண்டாவது சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் -115 டிபிஎம், அதாவது ரொம்பவே பலவீனம். 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறித் தாவுகிறது. ஒவ்வொரு தாவலுக்கும் மோடம் (நெட்வொர்க்கோடு பேசும் சிப்) விழித்துக்கொள்கிறது.

அந்த சிம்மை மட்டும் 4ஜியில் நிறுத்த வேண்டும். செட்டிங்ஸில் அந்த சிம்முக்கு நெட்வொர்க் வகை மாற்றும் இடமே இல்லை. டயலரில் *#*#4636#*#* அடித்தால் வரும் மறைவான சோதனை மெனு வழியாக மாற்றினால் போனை ரீஸ்டார்ட் செய்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. ரூட் செய்யாமல் (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைத் திறக்காமல்) நிலையாக வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கணினியிலிருந்து போனுக்கு அனுப்பும் ஏடிபி கட்டளை என்றாலும் சரி. ஃபேக்டரி ரீசெட் மட்டும் வேண்டாம், சிக்னல் பிரச்சினை அதில் தீராது.